நூற்றுக்கு எண்பத்தெட்டு

ஜனவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பேச்சுவார்த்தை நடக்கும் கட்டடத்துக்குள் நுழையும்போதே எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். நான் வெளியே வரும் நேரம் நீங்கள் நிலவறையில் பீப்பாய்களோடு இருப்பீர்கள். அங்கே மணி அடித்தாலும் கேட்காது.

விஷயம் இதுதான். எனக்குப் பன்னிரண்டு பாட்டில் ஒயின் வேண்டும். குடிப்பதற்கில்லை, பயப்படாதீர்கள்.

இங்கே நான் என்னதான் செய்கிறேன் என்று நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள். அன்றைக்கு ஏதோ பெரிய மனிதன் மாதிரி மழுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன். நம் குன்றிலிருந்து கப்பலேறிப் போனவர்கள், இப்போது எங்களோடு பேச்சு நடத்தும் நாட்டில் திராட்சைக் கொடியை நட்டதோடு நிற்கவில்லை, குன்றின் பெயரையும் நட்டுவிட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அந்தப் பெயரிலேயே ஒயின் விற்கிறார்கள். கடையில் நம் பாட்டிலும் அவர்கள் பாட்டிலும் ஒரே பெயரோடு பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அந்தப் பெயர் நம் முப்பத்தேழு வீட்டுக்கு மட்டும் சொந்தம் என்று எழுதி வாங்கத்தான் நான்கு வருடமாக இங்கே உட்கார்ந்திருக்கிறேன். முடிவாகாத சொற்களை உடன்படிக்கையில் சதுர அடைப்புக்குள் போட்டு வைப்பது இங்கே வழக்கம். குன்றின் பெயர் நான்கு வருடமாக அடைப்புக்குள் இருக்கிறது.

அவர்கள் நாட்டுச் சட்டப்படி, பாட்டிலில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு ஓர் இடத்துத் திராட்சை இருந்தால் போதும், அந்த இடத்தின் பெயரை லேபிளில் போட்டுக்கொள்ளலாம். மீதிப் பதினைந்து எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். நான் விடவில்லை. 'நூற்றுக்கு நூறு' என்று நம் ஷரத்தில் எழுதியவன் நான்தான். எதிர்த்தரப்பில் ஒருவர் இருக்கிறார், கூட்டம் முழுக்கப் பென்சில் சீவுவார், ஒரு வரி எழுதமாட்டார். போன வாரம் அவர் சீவுவதை நிறுத்திவிட்டு, "உங்க ஆளுங்க ஒரு சொட்டுகூடக் கலக்கறதில்லைன்னா நிரூபிங்களேன்" என்றார். இரு தரப்புக்கும் பொதுவான ஆய்வகம் ஒன்று இருக்கிறது. ஒயினில் இருக்கும் மண் சத்தையும் குன்றின் மண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். "நீயே ஒரு நல்ல ஆலையாப் பார்த்து வரவழை" என்று எங்கள் குழுத் தலைவர் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். நான் வேறு எதை யோசிப்பேன்?

அண்ணன் உயிரோடு இருந்தபோது நடந்த கடைசி அறுவடையின் ஒயினை அனுப்புங்கள். அது நம் வீட்டு ஆலை என்று இங்கே யாரிடமும் சொல்லவில்லை. ஜெயித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். அண்ணன் பாட்டில் அந்த மேசையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

உங்கள் தம்பி

*

ஜனவரி 23

தம்பிக்கு அண்ணி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. நீங்கள் இவ்வளவு நீளமாக எழுதி நான் பார்த்ததில்லை. போனில் என்றால் "சரி அண்ணி, சரி அண்ணி" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்துவிடுவீர்கள்.

பாட்டில் அனுப்புவதில் ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் அந்த வருடம் வேண்டாமே. அதற்கு முந்தின வருடத்து ஒயின் நன்றாக வந்திருக்கிறது. நம் குன்றுச் சங்கச் செயலாளரே குடித்துப் பார்த்துவிட்டு இரண்டு முறை தலையாட்டினார். அவர் ஒரு முறை ஆட்டுவதே அபூர்வம். அந்த வருடத்துப் பாட்டில்களில் கார்க் சில சரியில்லை. லேபிளும் ஈரத்தில் கொஞ்சம் உப்பியிருக்கிறது. வெள்ளைத்துணி விரித்த மேசையில் அதைக் கொண்டுபோய் வைத்தால் உங்களுக்குத்தானே அசிங்கம்?

மேலும் அது கல்மழை பெய்த வருடம். உங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ. நீங்கள் அப்போது வரவில்லை. குறை சொல்வதற்காக எழுதவில்லை, வேலை அப்படி. ஆனால் ஆகஸ்டில் கோழிமுட்டை அளவுக்குக் கல் விழுந்தது. மேற்குச் சரிவில் ஒரு இலை மிஞ்சவில்லை. அப்படிப்பட்ட வருடத்தைப் பரீட்சைக்கு அனுப்புவானேன்?

இன்னொன்று கேட்க வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவர் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு எழுதினார். உறையை அவரே நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினார், எனக்குக் காட்டவில்லை. நான்தான் தபாலில் போட்டேன். அதில் என்ன எழுதியிருந்தார்? என்னைப் பற்றி ஏதாவது இருந்ததா? சொல்லக் கூடாதது என்றால் வேண்டாம்.

முந்தின வருடத்துப் பாட்டில்களைத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் சரி என்றதும் அனுப்புகிறேன்.

அண்ணி

*

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

கார்க், லேபிள், கல்மழை. ஒரு பாட்டிலை அனுப்பாமல் இருப்பதற்கு மூன்று காரணம் வேண்டுமா?

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளுங்கள். அண்ணனுடைய பெயர் வெளியே வருவது உங்களுக்குப் பிடிக்கவில்லை. போன கோடையில் இரண்டு நாள் வந்திருந்தபோது பார்த்தேன். நிலவறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய அவருடைய தோல் மேலங்கி இல்லை. வாசல் பலகையில் அவர் கையெழுத்து இருந்த இடத்தில் புதுப் பெயின்ட். எல்லாம் உங்கள் ஆலை ஆகிவிட்டது. நல்லதுதான், நீங்கள்தான் நடத்துகிறீர்கள். ஆனால் அவர் இருந்த கடைசி வருடத்து ஒயினைக்கூட இருட்டிலேயே வைத்திருப்பேன் என்றால் எப்படி?

நான் வரவில்லை என்று போகிற போக்கில் ஒரு குத்து குத்தியிருக்கிறீர்கள். ஆமாம், வரவில்லை. மூன்றாம் சுற்றுப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவருக்கும் அது தெரியும். குன்றுக்காகத்தான் இங்கே இருந்தேன், ஊர் சுற்றப் போகவில்லை. அதனால்தான் அந்த வருடம் வேண்டும் என்கிறேன். வேறு எந்த வருடம் ஜெயித்தாலும் எனக்கு அது ஜெயிப்பு இல்லை.

அவர் கடிதத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. வழக்கமான விசாரிப்புதான். உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதியிருந்தார். உங்களைப் பற்றி நல்லபடியாகத்தான் எழுதியிருந்தார்.

பாட்டில் இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். முகவரி தனித்தாளில். உங்களால் முடியாது என்றால் சொல்லுங்கள், பக்கத்து ஆலையில் கேட்டுக்கொள்கிறேன். கேட்டால் ஏன் உங்கள் வீட்டில் இல்லையா என்று அவர்கள் கேட்பார்கள். அதற்கும் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

தம்பி

*

பிப்ரவரி 12

தம்பிக்கு,

நீங்கள் கேட்ட வருடத்துப் பாட்டில் பன்னிரண்டும் இன்று காலை லாரியில் போய்விட்டன. வைக்கோல் சுற்றிக் கட்டியிருக்கிறது. ரசீது இதோடு இருக்கிறது.

மேலங்கி கிழிந்திருந்தது. தைத்து என் அலமாரியில் வைத்திருக்கிறேன். பலகையில் மழைபட்டுக் கையெழுத்து பாதி அழிந்துபோனது. பாதிப் பெயரை வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. இதெல்லாம் நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

எனக்கு உங்கள் அளவுக்குப் படிப்பு இல்லை. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். அவர்கள் எண்பத்தைந்து என்கிறார்கள், நீங்கள் நூறு என்கிறீர்கள். நடுவில் ஏதாவது ஒத்துக்கொண்டால் ஆகாதா? மழையும் கல்லும் நம்மைக் கேட்டுக்கொண்டா விழுகின்றன? கொஞ்சம் இடம் விட்டு எழுதினால் என்ன? தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

அண்ணி

*

ஏப்ரல் 17

அண்ணிக்கு,

இதைப் படித்துவிட்டு யாரிடமும் காட்ட வேண்டாம்.

நேற்று ஆய்வக அறிக்கை வந்தது. காலையில் கூட்டம் தொடங்கியதும் நான்தான் முதலில் பேசினேன். இருபது நிமிடம். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. எங்கள் குன்றுக்காரர்கள் பட்டினி கிடந்தாலும் கிடப்பார்களே தவிர ஒரு சொட்டுக் கலக்கமாட்டார்கள் என்றேன். பென்சில்காரர் நான் முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு ஒற்றைத் தாளை மேசையில் என் பக்கமாகத் தள்ளினார். குன்று மண் எண்பத்தெட்டு. சமவெளி மண் பன்னிரண்டு. பன்னிரண்டு பாட்டிலிலும் அதே கணக்கு.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "எங்க சட்டப்படி இது அருமையான ஒயின். எண்பத்தஞ்சுக்கு மேலயே இருக்கு. உங்க சட்டப்படிதான் இது உங்க குன்று இல்லை" என்றார். மூக்கு அறுபட்டது என்பார்களே, அது எனக்கு மட்டும் இல்லை, முப்பத்தேழு வீட்டுக்கும் சேர்த்து அறுபட்டது. நான் எழுதிய ஷரத்தாலேயே.

மத்தியானம் எங்கள் தலைவர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். இனி நூறு என்று வாயைத் திறக்க முடியாது என்றார். மரச் சில்லுகளை ஊறப்போட்டு ஒயினுக்கு மணம் ஏற்றும் அவர்கள் முறையை நாமும் ஒத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக வரியில் கொஞ்சம் குறைத்து வாங்கிக்கொண்டு, பெயரை விட்டுவிட முடிவாயிற்று. சாயங்காலம் நான்கு மணிக்குக் குன்றின் பெயரைச் சுற்றியிருந்த அடைப்பை எடுத்துவிட்டார்கள். இனி அது ஒரு வகை ஒயினின் பெயர். யாரும் போட்டுக்கொள்ளலாம்.

ஆய்வகம் லேபிளை மறைத்து எண் மட்டும்தான் போடும், அதனால் எந்த ஆலையின் பாட்டில் என்று தலைவர் கேட்டார். சொல்லவில்லை. "நானே தேர்ந்தெடுத்தது, தப்பு என்னுடையது" என்று மட்டும் சொன்னேன். குன்றிலும் சொல்லமாட்டேன்.

ஆனால் எனக்குத் தெரிய வேண்டும். ஆய்வகம் தப்பு செய்துவிட்டது என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், நம்புகிறேன். இல்லையென்றால் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். அண்ணன் இப்படிச் செய்திருக்கமாட்டார்.

தம்பி

*

மே 3

தம்பிக்கு,

ஆய்வகம் தப்பு செய்யவில்லை. உங்கள் அண்ணனும் செய்யவில்லை. நான் செய்தேன்.

கல் விழுந்த அன்று அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஒன்பது நாள். மத்தியானம் மூன்று மணிக்கு விழ ஆரம்பித்தது, பத்தே நிமிடம். அவர் மாலையில் முதலில் கேட்டது, "மழை வந்துச்சாமே, கல்லு கில்லு விழுந்துதா?" என்றுதான். "இல்லைங்க, லேசா தூறிச்சு" என்றேன். அன்றைக்கு வாயில் வந்த அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். மேற்குச் சரிவு போச்சு என்று சொல்லியிருந்தால் அவர் ஒரு நாள் அழுதிருப்பார், அவ்வளவுதான். நான் தூறல் என்றேன். பிறகு தினமும் தூறலுக்கு ஏற்றபடி தோட்டம் இருக்க வேண்டியதாகிவிட்டது. "இந்த வருஷம் எத்தனை பீப்பாய் வரும்?" என்று கேட்பார். வழக்கம்போல நாற்பது என்பேன். அறுவடை முடிந்து எண்ணிப் பார்த்தால் முப்பத்தைந்து.

ஐந்து பீப்பாய், தம்பி. அதற்காகச் சமவெளியிலிருந்து ஒரு லாரித் திராட்சை வரவழைத்தேன். விடியற்காலையில் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு வந்தது. நம் பீப்பாய்க்காரர் ஒருவருக்குத்தான் தெரியும். அன்றைக்கு முழுக்க அவர் என் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தார். எல்லாம் ஒன்றாகப் பிழிந்து ஒன்றாக ஊற்றியாயிற்று. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்து பீப்பாய்களை எண்ணுவார் என்று நம்பினேன். எண்ணும்போது நாற்பது இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவர் வரவே இல்லை.

நவம்பரில் புது ஒயினைச் சின்ன பாட்டிலில் எடுத்துப்போனேன். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு கரண்டி நாக்கில் விட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு, "நம்ம குன்றுதான்" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மறு வருடம் லேபிளில் குன்றின் பெயரை ஒட்டினேன். அவரே சொல்லிவிட்டாரே என்று. அவருக்கே தெரியவில்லை என்றால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் நினைத்தேன். அதுவும் உண்மை.

உங்கள் முதல் கடிதம் வந்தபோது உள்ளதைச் சொல்லியிருக்கலாம். கார்க், லேபிள் என்று மென்று விழுங்கினேன். இரண்டாவது கடிதத்தில் நீங்கள் திட்டியதும் எனக்கும் வீம்பு வந்தது. அவ்வளவு ஆசையாக இருந்தால் அனுபவிக்கட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த நிமிடத்தில்தான் பெட்டியை ஆணியடித்து மூடினேன். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது.

இங்கே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சேதி வந்ததும் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். வாசலில் மாட்டியிருந்த உங்கள் படத்தைச் செயலாளர் கழற்றினார். "நம்ம வீட்டுப் பிள்ளைன்னு நம்பினோம், மேசையில வச்சு வித்துட்டான்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் என்னிடம் வந்து, "உங்க கொழுந்தனார் செஞ்சதுக்கு நீங்க தலைகுனிய வேண்டியதில்லம்மா, உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்" என்று சொல்லி முன் வரிசையில் நாற்காலி போடச் சொன்னார். நான் எழுந்துபோய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன், தம்பி. வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை.

அண்ணி

*

மே 16

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோபப்படுவதற்கு எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அண்ணன் எழுதிய கடிதத்தில் வழக்கமான விசாரிப்புதான் என்று உங்களுக்கு எழுதினேன். பொய். அந்தக் கடிதத்தை நான் பிரிக்கவே இல்லை.

அது வந்தது மூன்றாம் சுற்றின் கடைசி வாரம். உறையில் அவர் கையெழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது. உள்ளே முதல் வரியிலோ கடைசி வரியிலோ 'வா' என்று இருக்கும் என்று எனக்குத் தெரியும். படித்தால் போக வேண்டும். போனால் என் இடத்தில் வேறு ஆளை உட்காரவைத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்ததும் படிக்கலாம் என்று மேசை இழுப்பறையில் வைத்தேன். வியாழக்கிழமை நீங்கள் போன் செய்தீர்கள். அதற்குப் பிறகு அதை எப்படிப் பிரிப்பது? சுற்றுக்குச் சுற்று பேச்சு ஊர் மாறும்போதெல்லாம் சட்டைகளுக்கு அடியில் வைத்து எடுத்துப்போனேன். ஒவ்வொரு அறையிலும் முதல் வேலையாக அதை ஒரு இழுப்பறையில் போட்டு மூடுவேன். உங்கள் கடிதம் வந்த பிறகு பிரித்தேன். ஒரு வரி விடாமல் அப்படியே எழுதுகிறேன்.

"தம்பி, கை நடுங்குது, எழுத்து புரியலைன்னா திட்டாதே. உன் அண்ணி புது ஒயினை ஒரு கரண்டி கொண்டுவந்து குடுத்தா. எட்டுல ஒரு பங்கு சமவெளித் திராட்சை. நம்மது தொண்டையில ஒரு கடி கடிக்கும், இது வழுக்கிக்கிட்டு எறங்குது. கல்மழை விழுந்தது எனக்கு அன்னிக்கே தெரியும், பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்தவங்க சொன்னாங்க. அவ தூறல்னா, நானும் தூறல்னு வச்சுக்கிட்டேன். ஒயினைக் குடிச்சதும் நம்ம குன்றுதான்னு சொல்லிட்டேன். அவ முகத்தைப் பார்த்திருந்தா நீயும் அதைத்தான் சொல்லியிருப்பே. எனக்குத் தெரியும்னு அவகிட்ட மூச்சு விடாதே. ஆனா இந்த வருஷத்துப் பாட்டில்ல குன்றோட பேர் போடக் கூடாது. சாதாரண ஒயின்னு போட்டுடணும். லேபிள் ஒட்ட இன்னும் ஒரு வருஷம் இருக்கு. நான் சொன்னா அவ உடைஞ்சுபோயிடுவா. நீ வந்து பக்குவமா வேற ஏதாவது காரணம் சொல்லி மாத்திடு. நீதான் அங்க பேருக்காகப் பேசறவன், நீ சொன்னா கேட்பா. இதை நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் சொல்ல முடியாது, அதான் உனக்கு எழுதறேன். சீக்கிரம் வா."

அவ்வளவுதான் கடிதம். லேபிள் ஒட்ட ஒரு வருடம் இருந்தது, அண்ணி. அந்த ஒரு வருடமும் இது என் சட்டைக்கு அடியில் இருந்தது. ஆய்வகம் எட்டு வாரம் எடுத்துக்கொண்டு சொன்னதை அவர் ஒரு கரண்டியில் சொல்லியிருக்கிறார். நான் படித்திருந்தால் அந்தப் பாட்டிலில் குன்றின் பெயர் இருந்திருக்காது. அந்த வருடத்து ஒயினை நான் கேட்டிருக்கவும் மாட்டேன். நீங்கள் ஒரு நோயாளி சந்தோஷப்படட்டும் என்று செய்தீர்கள். நான் என் நாற்காலி போய்விடக் கூடாதென்று செய்தேன்.

நேற்று எங்கள் தலைவரிடம் அது என் குடும்பத்து ஆலை என்று சொல்லிவிட்டேன். விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். வேலை நிலைக்குமா என்று தெரியவில்லை, அதைப் பற்றி யோசிக்கவும் பிடிக்கவில்லை. பெயர் திரும்பி வராது. கையெழுத்துப் போட்ட பிறகு அடைப்பை மறுபடி போட முடியாது.

நீங்கள் சங்கத்தில் எதுவும் சொல்ல வேண்டாம். அவர்கள் என்னைத் திட்டட்டும். ஆள் மாறித் திட்டவில்லை, சரியான ஆளைத்தான் திட்டுகிறார்கள்.

தம்பி

*

ஜூன் 1

தம்பி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முதல் மூன்று நாள் உன்னை மனதுக்குள் என்னென்னவோ திட்டினேன். கல்யாணமாகி வந்த புதிதில் உன்னை நீ என்றுதான் கூப்பிட்டேன். உத்தியோகம் வந்ததும் நீங்கள் ஆக்கினேன். இந்தக் கடிதத்துக்கு மட்டும் பழையபடி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

ஒரு வருடத்துக்கு மேல் நான் அந்த ஒரு பொய்யை வைத்துக்கொண்டு சரியாகத் தூங்கவில்லை. சாகக் கிடந்த மனிதனை நாக்கிலேயே ஏமாற்றிவிட்டோமே என்று. அவருக்குத் தெரியும் என்ற சேதி உன் இழுப்பறையில் இருந்திருக்கிறது. நீ பிரிக்கவில்லை என்பதைக்கூட மன்னித்துவிடுவேன். நான் என்னைப் பற்றி எழுதியிருந்தாரா என்று கேட்டேனே, அதற்கு நல்லபடியாக எழுதியிருந்தார் என்று சொன்னாய் பார், அதை எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை. அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று உனக்குத் தெரியாது.

நாலாவது நாள் உன் அண்ணன் எழுதியதை உரக்கப் படித்தேன். 'அவ தூறல்னா, நானும் தூறல்னு வச்சுக்கிட்டேன்.' அதற்குமேல் படிக்க முடியவில்லை. நான் அவருக்காக மறைத்தேன், அவர் எனக்காக மறைத்தார், நீ எனக்காகத் தலைவரிடம் மறைத்தாய். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் நல்லது செய்ததில் மற்ற முப்பத்தாறு வீட்டுப் பெயர் போயிற்று.

நீ சொல்ல வேண்டாம் என்றாய். சொல்லிவிட்டேன். நேற்றுக் கூட்டத்தில் அந்த முன் வரிசை நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சொன்னேன். மேசையில் வைத்தது எங்கள் வீட்டுப் பாட்டில், கலந்தது நான் என்றேன். உன் அண்ணன் கடிதத்தைப் படிக்கவில்லை, அது நம்முடையது. உன் இழுப்பறையைப் பற்றியும் நான் சொல்லவில்லை. அதை நீயேதான் சொல்ல வேண்டும்.

யாரும் கத்தவில்லை. செயலாளர் மட்டும், "எத்தனை லாரிம்மா?" என்று கேட்டார். ஒன்று என்றேன். "ஒரு லாரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் வீட்டில் அந்த வருடம் நாற்பதுக்குப் பதினொரு பீப்பாய்தான் வந்தது. வெறும் பதினொன்றைத்தான் விற்றார், வெளியிலிருந்து ஒரு கொத்துத் திராட்சை வாங்கவில்லை. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இரண்டு அறுவடைக்கு என்னைச் சங்கத்திலிருந்து விலக்கியிருக்கிறார்கள். அதுவரை குன்றின் பெயரை நான் லேபிளில் போடக் கூடாது. கடல் தாண்டி யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், குன்றின் மேலேயே இருக்கும் நான் போடக் கூடாது. கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு வீட்டுக்கு வந்து அழுதேன்.

அந்த வருடத்து ஒயினில் மீதி இருந்த பாட்டில்களை வெளியே எடுத்து, பழைய லேபிள்களை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கிறோம். பீப்பாய்க்காரரும் உட்கார்ந்து சுரண்டுகிறார். இப்போது என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். புது லேபிளில் உன் அண்ணன் சொன்னபடி சாதாரண ஒயின் என்றுதான் போட்டிருக்கிறேன். கீழே நூற்றுக்கு எண்பத்தெட்டு என்று என் கையாலேயே எழுதுகிறேன். அப்படிப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையாம். இருக்கட்டும்.

சங்கத்து வாசலில் உன் படத்தைத் திரும்ப மாட்டவில்லை. ஆணி மட்டும் இருக்கிறது. என் பேச்சால் உன் பேர் நல்லதாகிவிட்டது என்று நினைக்காதே. எங்கள் வீட்டுப் பாட்டிலை மறைத்து அனுப்பச் சொன்னவன் என்று இன்னும் நன்றாகத் திட்டுகிறார்கள்.

செப்டம்பர் முதல் வாரம் அறுவடை. மேற்குச் சரிவில் கொடிகள் இந்த வருடம்தான் முழுசாகத் தழைத்திருக்கின்றன. வேலை இருந்தாலும் போனாலும் வா. அந்தக் கடிதத்தைத் தபாலில் அனுப்பாதே, கையில் கொண்டு வா. அவர் எழுத்தை நான் பார்க்க வேண்டும். தோட்டத்துப் பின்வழி உனக்குத் தெரியும், அந்த வழியாக நுழைந்துவிடலாம் என்று பார்க்காதே. சங்கத்து வாசல் வழியாகத்தான் வர வேண்டும். செயலாளர் அங்கே காலை பத்து மணிவரை உட்கார்ந்திருப்பார். நானும் வாசலில் நிற்கிறேன்.

அண்ணி